காய்ச்சல் செட்டு

உக்காருங்க தம்பி. துண்டு என்னுதுதான், எடுத்துக்கிறேன். புள்ளைய மடியில படுக்க வைங்க, தோள்லயே கெடந்தா கழுத்து வலிக்கும். பேரு என்ன? மிருதுளாவா. எத்தன நாளாக் காய்ச்சல்? ஒம்பது நாளா. சாயங்காலமானா ஏறி, விடியக்காலம் வேர்த்து ஊத்தி இறங்கிருது, பகல்ல ஒண்ணுமே நடக்காத மாதிரி விளையாடுது, அப்படித்தானே? இன்னைக்குக் காலையிலேயே ஆரம்பிச்சிருச்சா. அதான் ரெண்டு பேரும் ஓடியாந்துட்டீங்க. வீட்டுல சீட்டு வாங்கப் போயிருக்காகளா? அந்த வரிசை நகர ஒரு மணி நேரம் ஆகும். உக்காருங்க.

ரத்தம் எத்தன மணிக்கு எடுக்கிறாங்களாம்? பதினொன்றரைக்கா. அதுவரைக்கும் ஒரு மருந்தும் குடுக்கக் கூடாது, காய்ச்சல் ஏறட்டும், ஏறுறப்ப எடுத்தாத்தான் தெரியும்னு சொன்னாங்களா? அதேதான். எங்ககிட்டயும் அதே வசனம்தான் சொன்னாங்க.

எனக்கு ரத்தமெல்லாம் எடுக்க வேண்டியதில்ல. ஒரு ரிசல்ட் வாங்க வந்திருக்கேன். அந்தா, அடைச்சிருக்குல்ல ஜன்னல், பதினோரு மணிக்குத்தான் திறப்பாங்க. நாப்பத்திரண்டு நாள் வச்சுப் பார்க்கணும்னு சொல்லிருந்தாங்க. இன்னைக்கு நாப்பத்தி மூணாவது நாள். யாருக்குன்னா, என் வீட்டுக்காரிக்கு. சண்முகக்கனின்னு பேரு, நான் கனின்னு கூப்பிடுவேன். அவ போயி முப்பத்தேழு நாளாச்சு.

நீங்க கேக்க வர்றது தெரியுது. ஆளே போன பிறகு ரிசல்ட்டை வாங்கி என்ன பண்ணப் போறேன்னு. கடையில முதலாளியும் அதான் கேட்டாரு. பஸ்ஸு ஏறுறப்ப என் மச்சினனும் அதான் கேட்டான். அவ கேட்டா தம்பி, அதான். அவளுக்குப் பேரு தெரியணும்னு இருந்துச்சு. காய்ச்சலுக்கு என்ன பேருன்னு. அது ஒண்ணுதான் கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தா.

நான் மெடிக்கல் ஷாப்புல இருக்கேன். முப்பத்தோரு வருஷம். சாத்தூருக்குக் கிழக்கே போனா எங்க ஊரு. முதலாளி பேரு போட்ட கடைதான், ஆனா வர்ற ஜனம் அவரைப் பார்த்து வராது, என்னைப் பார்த்துத்தான் வரும். கல்லாவுல அவரு உக்காந்திருப்பாரு, அவரைத் தாண்டி, "டாக்டர் இல்லையா?"ன்னு என்னைக் கேக்கும். முதலாளிக்கு வெக்கமா இருக்கும், சிரிச்சுச் சமாளிப்பாரு. "ஆயிரம் பேரைக் கொன்னவன் அரை வைத்தியன்டா, நீ இன்னும் கணக்கையே ஆரம்பிக்கல"ம்பாரு. நான் ஒருத்தரையும் கொன்னதில்ல. எங்க ஊருல கேட்டுப் பாருங்க.

செட்டுன்னா தெரியும்ல உங்களுக்கு? உங்க ஊருலயும் குடுப்பாங்க. டாக்டர்ட்ட போயி வரிசையில நிக்க நேரம் இருக்காது, காட்டுவேலைக்குப் போகணும், தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகணும். கடையில வந்து, "காய்ச்சல் அடிக்குது, ஒரு வேளைக்கு மாத்திரை குடுங்க"ன்னு கேப்பாங்க. நாம ஆளைப் பார்ப்போம், எடையைப் பார்ப்போம், அட்டையைக் கத்திரிச்சு நாலு மாத்திரையைச் சேர்த்து ஒரு காகிதத்துல மடிச்சுக் குடுப்போம். காய்ச்சல் மாத்திரை ஒண்ணு. ஆண்டிபயாட்டிக் ஒண்ணு. கேஸுக்கு ஒண்ணு. அப்புறம் சின்னதா வெள்ளையா ஒண்ணு. அந்தச் சின்னதுதான் சூட்சுமம். மத்த கடைக்காரன் அதைப் போடப் பயப்படுவான். நான் போடுவேன். அரை மணி நேரத்துல ஆளு எந்திரிச்சு உக்காந்து பசிக்குதும்பான். கைராசிங்கிறாங்க. ராசியெல்லாம் இல்ல தம்பி, அந்தச் சின்ன மாத்திரைதான்.

கனிக்குப் பங்குனிப் பொங்கல் முடிஞ்ச வாரம் வந்துச்சு. தீப்பெட்டி ஆபீஸ்ல சட்டத்துல குச்சி அடுக்குற வேலை அவளுக்கு. விரலு பறக்கும், பார்க்கணும் நீங்க. ஒருநாள் நாலு மணிக்கே வீட்டுக்கு வந்துட்டா. கையைத் தொட்டேன், சுட்டுச்சு. ஒரு செட்டு குடுத்தேன். இறங்கிருச்சு. மறுநாள் சாயங்காலம் திரும்ப வந்துச்சு. திரும்பக் குடுத்தேன். இறங்கிருச்சு. இப்படியே பதினஞ்சு நாள். நாலு நாள் சும்மா இருக்கும், சரி போயிருச்சுன்னு நினைப்போம், அஞ்சாம் நாள் வந்து நிக்கும். ஒரு நாள் நூத்தி ரெண்டு, ஒரு நாள் நூத்தி நாலு. உடம்பு இறங்கிப் போச்சு. வளையல் முழங்கை வரைக்கும் ஏறுச்சு.

அதுக்குள்ள பேப்பர்ல போட்டுட்டான், சுத்துப்பட்டுல மர்மக் காய்ச்சல்னு. யாருக்கோ எங்கயோ வந்திருக்கு. ஆனா தீப்பெட்டி ஆபீஸ்ல இவளைத்தான் பார்த்தாளுக. இவ தண்ணி குடிச்ச டம்ளரைத் தனியா எடுத்து வச்சுட்டாளுக. பக்கத்துல உக்கார மாட்டேன்னுட்டாளுக. இருபது வருஷம் ஒண்ணா அடுக்குனவளுக. கனி வந்து சொன்னா, "டைபாய்டுன்னா டைபாய்டுன்னு சொல்லிருவேன், மலேரியான்னா மலேரியான்னு சொல்லிருவேன். மர்மம்னு எப்படிங்க சொல்லிட்டு அங்க போய் உக்காருறது?"ன்னு. அப்பதான் பெரியாஸ்பத்திரிக்குப் போவோம்னு அவளே கிளம்புனா. எனக்கு இஷ்டமில்ல. என் பொண்டாட்டி, டாக்டரு வீட்டுக்காரி, வரிசையில போய் நிக்கிறதான்னு இருந்துச்சு. சரி, அவ மனசுக்காகப் போனேன்.

இங்க வர ஒன்றரை மணி நேரம் பஸ்ஸு. பஸ்ஸுல நடுங்கிட்டு உக்காந்திருக்கக் கூடாதுன்னு கிளம்புறப்பவே ஒரு செட்டைக் குடுத்துக் கூட்டியாந்தேன். இங்க வந்தா, நர்ஸு வாயில வச்சுப் பார்த்துட்டு நார்மல்ங்குது. பெரிய டாக்டரு தலையைத் தூக்காம, "காய்ச்சலே இல்லையேம்மா"ங்குறாரு. இவ என்னைப் பார்க்குறா. அடுத்த வாரமும் அப்படித்தான். அதுக்கு அடுத்த வாரமும் அப்படித்தான். மூணு தடவ வந்தோம், மூணு தடவயும் நார்மல். எனக்கு ஆத்திரம் வந்துருச்சு. என்னத்தப் படிச்சாங்க, ஒரு காய்ச்சலைக் கூடத் தொட்டுப் பார்க்கத் தெரியலன்னு அங்கயே சத்தம் போட்டேன்.

அப்பதான் அந்தப் புள்ள வந்துச்சு. ஷாகிரான்னு பேரு. மேல்படிப்பு படிக்கிற டாக்டரு, இருபத்தாறு வயசு இருக்கும், கண்ணாடி மூக்குல நிக்காது, தள்ளி விட்டுக்கிட்டே பேசும். அது எங்களைத் தனியா உக்கார வச்சு, ஒரு கட்டம் போட்ட பேப்பரைக் குடுத்துச்சு. காலை, மத்தியானம், சாயங்காலம், ராத்திரி, நாலு வேளையும் காய்ச்சலை அளந்து இதுல புள்ளி வைங்கன்னுச்சு. "ஐயா, ஒரு வாரத்துக்கு மாத்திரை எதுவும் வேணாம். காய்ச்சல் எப்படி ஏறுது, எப்படி இறங்குதுன்னு பார்த்தாத்தான் எந்த டெஸ்ட் எடுக்கணும்னு எனக்குத் தெரியும். வெளியில டாக்டர்கிட்ட ஏதாவது மருந்து வாங்கினீங்களா?"ன்னு கேட்டுச்சு. எந்த டாக்டர்கிட்டயும் போகலன்னேன். உண்மைதான தம்பி? எந்த டாக்டர்கிட்டயும் நாங்க போகல.

ஒரு சாயங்காலம் பொறுத்துப் பார்த்தேன். சத்தியமாப் பார்த்தேன். அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சுச்சு. ரெண்டு போர்வையைப் போட்டு மேல நான் படுத்து அமுக்கிக்கிட்டேன், அப்பவும் நிக்கல. பல்லு தந்தியடிக்குது. கட்டில் காலு தரையில தட்டுற சத்தம் கேக்குது. "விட்டுருங்க, டாக்டரம்மா ஏறட்டும்னு சொன்னாங்கல்ல, ஏறட்டும்"கிறா. ஊருல இருக்கிறவன் காய்ச்சலையெல்லாம் இறக்குன கை இது. என் வீட்டுக் கட்டில்ல என் பொண்டாட்டி உதறுறா, நான் பேப்பர்ல புள்ளி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கணுமா? என்னால முடியல. எனக்கு அழுகையா வந்துருச்சு. எந்திரிச்சுப் போயி செட்டை எடுத்தாந்தேன். "ஒரு வேளைக்குத்தான் கனி, வாயைத் திற"ன்னேன்.

அந்தப் பேப்பர்ல நான் ஒரு பொய்யும் எழுதல, கேட்டுக்கங்க. அளந்ததைத்தான் எழுதுனேன். மாத்திரை குடுத்துட்டு அளந்தேன், தொண்ணூத்தெட்டு, தொண்ணூத்தொம்பது, அதை எழுதுனேன்.

அப்புறம் படுக்கையில சேர்த்துட்டாங்க. மேல ரெண்டாவது மாடி, பொம்பளைங்க வார்டு. சாயங்காலம் நாலுல இருந்து ஆறு வரைக்கும்தான் ஆம்பளைங்களை உள்ள விடுவாங்க. நான் மத்தியானக் கடையை முடிச்சிட்டு பஸ்ஸைப் பிடிச்சு நாலு மணிக்கு டாண்ணு நிப்பேன். நாலரைக்கு ஒரு பன்னைப் பிச்சுக் குடுத்து, கையோட செட்டையும் குடுத்துருவேன். இங்க, "காய்ச்சல் மாத்திரை வேணும்னா நாங்களே பார்த்துக் குடுப்போம், வெளியில இருந்து எதுவும் கொண்டுவரக் கூடாது"ன்னு எழுதியே ஒட்டிருந்தாங்க. ஒட்டுவாங்க. அவங்க பார்த்துக் குடுக்கிறதுக்குள்ள ஆளு விறைச்சிருவா. கனி முதல்ல வேணாம்பா. "டாக்டரம்மா வேணாம்னாங்களேங்க." நான் சொன்னேன், "அது சின்னப்புள்ள, இன்னும் படிச்சுக்கிட்டு இருக்கு. நான் முப்பத்தோரு வருஷமாப் பார்க்கிறேன். யாரை நம்புற?" அப்புறம் வாயைத் திறப்பா. என் பேச்சை அவ தட்டினதே இல்ல.

அவங்க எடுக்காத டெஸ்ட் இல்ல தம்பி. மலேரியாவுக்கு விரல்ல குத்தி எடுத்தாங்க. டைபாய்டுக்கு எடுத்தாங்க. டெங்கு, எலிக்காய்ச்சல், உண்ணிக் காய்ச்சல்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு குப்பி. உண்ணி கடிச்ச தழும்பு இருக்கான்னு அந்தப் புள்ள தலைமுடிக்குள்ள எல்லாம் விலக்கிப் பார்த்துச்சு, வீட்டுப் பக்கம் ஆட்டுப் பட்டி இருக்கா, பச்சைப் பாலு குடிச்சீங்களான்னு கேட்டுச்சு. நெஞ்சுக்கு எக்ஸ்ரே படம், இதயத்துக்கு ஸ்கேன், வயித்துக்கு ஸ்கேன். அப்புறம் அந்தப் பெரிய வியாதி, எய்ட்ஸு, இருக்கான்னு பார்க்கணும், கையெழுத்துப் போடுங்கன்னு சொன்னாங்க. கனி என் முகத்தைப் பார்க்காம கையெழுத்துப் போட்டா. அதுவும் இல்லன்னு வந்துச்சு. எனக்குத் தெரியாதா, இல்லைன்னு.

கல்ச்சர்னு ஒண்ணு. ரெண்டு கையிலயும் ரத்தம் எடுத்து பாட்டில்ல ஊத்தி, கிருமி வளருதான்னு அஞ்சு நாள் பார்ப்பாங்க. மூணு தடவ எடுத்தாங்க. மூணு தடவயும் ஒண்ணும் வளரல.

இன்னொண்ணு, முழங்கைக்குக் கீழ தோல்ல ஒரு ஊசி போட்டு, சுத்தி பேனாவுல வட்டம் போட்டு விட்டாங்க. மூணாம் நாள் வந்து அந்த இடம் வீங்கிருக்கா, தடிச்சிருக்கான்னு ஸ்கேலை வச்சு அளப்பாங்களாம். டி.பி.க்குப் பார்க்கிறது. கனி அந்த வட்டத்தை எப்படிப் பார்த்துக்கிட்டாங்கிறீங்க. குளிக்கையில அந்தக் கையை மட்டும் தூக்கிப் பிடிச்சுக்குவாளாம். ரெண்டாம் நாள் மை மங்கிருச்சுன்னு பக்கத்துக் கட்டில் பொண்ணுகிட்ட பேனா வாங்கி, அவளே அந்தக் கோட்டு மேலயே திரும்ப வரைஞ்சிருக்கா. வட்டம் அழிஞ்சா டெஸ்ட் அழிஞ்சிரும்னு நினைச்சிருக்கா. மூணாம் நாள் அந்தப் புள்ள வந்து கட்டை விரலால தடவித் தடவிப் பார்த்துச்சு. தட்டையா இருந்துச்சு. "ஒண்ணும் இல்லையா டாக்டரம்மா?"ன்னு கனி கேட்டா. நல்லதுதானம்மான்னு அது சொல்லிச்சு, ஆனா அது முகத்துல நல்லதா ஒண்ணும் தெரியல.

அன்னைக்குத்தான் வெளியில கூப்பிட்டு என்கிட்ட திரும்பக் கேட்டுச்சு. "ஐயா, இவங்களுக்கு ஸ்டீராய்டு ஏதாவது குடுத்தீங்களா? நாட்டு மருந்து, பொடி, ஏதாவது? சொல்லுங்க, நான் திட்ட மாட்டேன். அதெல்லாம் குடுத்திருந்தா இந்த டெஸ்ட் எல்லாமே பொய் சொல்லும்." எனக்குச் சுருக்குன்னுச்சு. கடையை நினைச்சேன், முதலாளியை நினைச்சேன். அதுவும் இல்லாம, நான் குடுத்தது என்ன பெரிய மருந்தா? செட்டு. ஊரே சாப்பிடுது. இல்ல டாக்டர்னு சொல்லிட்டேன்.

அந்தக் காய்ச்சல் சார்ட்டைப் பார்க்கணும் தம்பி நீங்க. கட்டில் தலைமாட்டுல மாட்டியிருப்பாங்க. சாயங்காலம் ஏற வேண்டியது ஏறல, விடியக்காலம் ஏறுது, ஒரு நாள் மத்தியானம் ஏறுது, ஒரு நாள் சும்மா கெடக்குது. மலை மாதிரி இருக்க வேண்டிய கோடு கிறுக்குன மாதிரி இருக்கு. ஒரு காலையில பெரிய டாக்டரு பதினஞ்சு மாணவங்களைக் கூட்டியாந்து இவ கட்டிலைச் சுத்தி நிக்க வச்சுப் பாடம் நடத்துனாராம். இப்படி ஒரு காய்ச்சலை நான் பார்த்ததில்ல, எந்தப் புஸ்தகத்துலயும் இல்லன்னாராம். கனி சொன்னப்ப எனக்குக் கொஞ்சம் பெருமையாக் கூட இருந்துச்சு. பொய் சொல்லல. அவளுக்குத்தான் முகம் செத்துப் போச்சு. "புஸ்தகத்துல இல்லைன்னா அப்ப பேரு இருக்காதாங்க?"ன்னா.

அப்புறம் முதலாளி பொண்ணு கல்யாணம் வந்துச்சு. கடையை நான் ஒத்தையாளாப் பார்க்க வேண்டியதாப் போச்சு. ரெண்டு நாள், ரெண்டே நாள், வர முடியல. மூணாம் நாள் வந்து பார்க்கிறேன், நூத்தி அஞ்சுக்குப் போயிருச்சுங்கிறாங்க. ஈரத்துணியைப் போட்டு வச்சிருக்காங்க. உதடு வெடிச்சுக் கெடக்கு. நான் ரெண்டு நாள் இல்லைன்னா இந்த லட்சணத்துலதான் வச்சிருக்கீங்களான்னு நர்ஸுகிட்ட சண்டை. அப்ப அந்த ஷாகிரா புள்ள ஓடி வருது, கையில சார்ட்டு. முகமெல்லாம் சந்தோஷம். "ஐயா, ரெண்டு நாளா உண்மையான காய்ச்சல் வருது பாருங்க. சாயங்காலம் ஏறுது, விடியக்காலம் வேர்க்குது. நான் நினைச்சது சரியா இருக்கலாம். நாளைக்கு இடுப்பெலும்புல மஜ்ஜை எடுத்துப் பார்க்கப் போறோம். இதுல நிச்சயம் தெரியும்"ங்குது. காய்ச்சல் வந்ததுக்குச் சந்தோஷப்பட்ட மனுசியை அன்னைக்குத்தான் தம்பி நான் பார்த்தேன்.

அது போன பிறகு செட்டை எடுத்தேன். இந்தத் தடவ கனி ஒண்ணும் சொல்லல. வாயைத் திறந்தா. தண்ணி குடிச்சா. போர்வையை முகம் வரைக்கும் இழுத்துக்கிட்டா. மறுநாள் எலும்புல ஊசி போட்டாங்க. ஆணி அடிக்கிற மாதிரி வலிக்கும்பாங்க, இவ அம்மான்னு கூடச் சொல்லலையாம். அன்னைக்குச் சாயங்காலமும் குடுத்தேன், வாயைத் திறந்தா. அதுக்கு மறுநாளும். ஆனா காய்ச்சல் இறங்கல. எனக்கு ஒண்ணும் புரியல. செட்டுக்கு இறங்காத காய்ச்சலை நான் பார்த்ததே இல்ல. ஒருவேளை சரக்கு பழசோன்னு புது அட்டையை உடைச்சுக் குடுத்தேன்.

அதுக்கு அடுத்த நாள் நான் உள்ள நுழையிறேன், அந்தப் புள்ள கட்டில் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்திருக்கு. அது கையில ஒரு தீப்பெட்டி. எங்க ஊரு தீப்பெட்டிதான், கனி எப்பவும் ஊசி நூலு போட்டு வச்சிருப்பா. அதைத் திறந்து என் முன்னாடி நீட்டுச்சு. உள்ள மாத்திரை. நனைஞ்சு, காஞ்சு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கெடக்கு. மூணு செட்டு. மூணு நாளா வாயில ஒதுக்கி வச்சுக்கிட்டு, நான் போன பிறகு எடுத்து அதுல போட்டிருக்கா. அவளே கூப்பிட்டுக் குடுத்திருக்கா.

அந்தப் புள்ள திட்டல. அந்தச் சின்ன வெள்ளை மாத்திரையை மட்டும் நகத்தால பிரிச்சு எடுத்துப் பார்த்துட்டு, "இந்த ஸ்டீராய்டு எத்தன நாளாய்யா?"ன்னு கேட்டுச்சு. கனி சொன்னா, "பங்குனியில இருந்து டாக்டரம்மா." அந்தப் புள்ள கண்ணாடியைக் கழட்டிட்டு அழுதுச்சு தம்பி. படிக்கிற புள்ள, பயந்துருச்சு போல. எனக்கே பாவமா இருந்துச்சு.

ஆனா மனசுல கெடக்குற ஒண்ணைச் சொல்றேன். அந்தத் தீப்பெட்டிதான் எனக்கு ஆறல. முப்பது வருஷம் குடும்பம் நடத்துனவ. நேத்து வந்த டாக்டர்கிட்ட என்னைக் காட்டிக் குடுத்துட்டா. வேணாம்னு என்கிட்டயே சொல்லிருக்கலாம்ல? சொன்னாதான், ஆரம்பத்துல சொன்னாதான். ஆனா அழுத்திச் சொல்லிருக்கலாம்ல? அன்னைக்கு அவகூட நான் பேசல. சாயங்காலம் முழுக்கச் சும்மா உக்காந்திருந்துட்டு ஆறு மணிக்குக் கிளம்பிட்டேன். என் சட்டையைப் பிடிச்சு இழுத்து, "கோவிச்சுக்காதீங்க. பேரு வந்தா நீங்க போய் வாங்கிட்டு வந்து தீப்பெட்டி ஆபீஸ்ல சொல்லிருங்க"ன்னா. நான் ஒரு ம் கூடச் சொல்லாம வந்துட்டேன்.

அந்த மஜ்ஜை ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே அந்தப் புள்ள ஏதோ மருந்தை ஆரம்பிச்சுச்சு, காத்திருக்க நேரமில்லன்னு. ஏழெட்டு மாத்திரை. மூணு நாள்தான் சாப்பிட்டா. மூச்சு வாங்க ஆரம்பிச்சுது, நுரையீரல் பூரா பரவிருச்சு, இப்பப் படத்துல தெரியுதுன்னாங்க. முன்னாடி எடுத்த படத்துல ஏன் தெரியலன்னு கேட்டேன்.

அந்தா, ஜன்னல் திறந்துட்டாங்க. என் சீட்டு முதல் சீட்டு. இந்தத் துண்டைக் கொஞ்சம் பார்த்துக்கங்க, வந்துர்றேன்.

ம். வாங்கிட்டேன். ஒத்தைத் தாளு. கையெழுத்துப் போடச் சொன்னான், போட்டேன். யாருக்குன்னு கேட்டான், என் வீட்டுக்காரிக்குன்னேன்.

மாத்திரைப் பேரு படிக்கிற அளவுக்கு எனக்கு இங்கிலீஷ் வரும். கிருமி வளர்ந்திருக்காம். முப்பத்தி நாலாவது நாள் வளர்ந்திருக்கு. பேரு போட்டிருக்கு பாருங்க. டி.பி.

டி.பி.யாம் தம்பி.

டி.பி.க்கு ஆறு மாச மருந்து. கவர்மெண்டே குடுக்குது. எங்க ஊருலயே பத்துப் பேரு சாப்பிட்டுக் குணமாகி, இப்பவும் கடைக்கு வந்து போறாங்க. பால்காரர் மகன், டீக்கடைச் சின்னத்தாயி, எல்லாரும் நல்லா இருக்காங்க. சின்னத்தாயி ரெண்டாவது புள்ள பெத்துட்டா. இதைப் போய் மூணு மாசமாக் கண்டுபிடிக்க முடியல இவங்களால. எத்தன டெஸ்ட், எத்தன குப்பி ரத்தம். அவ கையில ஊசி குத்த இடமில்ல. கடைசியில அவ துப்புன பிறகு எடுத்த அந்த ஒரு ஊசியில தான்...

இருங்க. கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கிறேன்.

வெயிலு ஏறிருச்சு. நேரா தீப்பெட்டி ஆபீஸுக்குத்தான் போகணும். பொம்பளைங்க சாப்பாட்டுக்கு வெளிய வர்ற நேரத்துக்குப் போயிட்டா எல்லாருக்கும் ஒரே தடவையாச் சொல்லிரலாம். டி.பி.ன்னா திரும்பவும் டம்ளரைத் தனியாத்தான் வைப்பாளுக. பரவால்ல. இப்ப யாருக்கு வைக்கப் போறாளுக.

என்ன தம்பி, புள்ள உதறுது? ஆரம்பிச்சிருச்சு. போர்வை இல்லையா, இந்தாங்க என் துண்டைப் போடுங்க. கால் விரலு நீலமா மாறுது பாருங்க. அம்மா இன்னும் வரிசையிலதான் நிக்கிறாங்களா? இன்னும் இருபது நிமிஷம் இருக்கே பதினொன்றரைக்கு. அழாத கண்ணு, அழாத. தம்பி, நீங்க ஏன் அழுறீங்க. எனக்குத் தெரியும். கையில தூக்கி வச்சுக்கிட்டு ஒண்ணும் செய்ய முடியாம நிக்கிற வேதனை இருக்கே, அதை அனுபவிச்சவனுக்குத்தான் தெரியும். இவங்களுக்குத் தெரியாது. இவங்களுக்குக் காய்ச்சல் ஏறணும், அவ்வளவுதான்.

என் சட்டைப் பையில ஒரு மடிப்பு இருக்கு. தினமும் நாலரை மணியானா கை தானா ஒரு செட்டைக் கத்திரிச்சு மடிச்சு வச்சிருது. யாருக்கும் இல்ல, சும்மாதான். பழக்கம் விட மாட்டேங்குது. இது நேத்து மடிச்சது, புது அட்டை. புள்ள எத்தன கிலோ இருப்பா? பதினாலா? அப்ப எல்லாத்துலயும் பாதி. இந்தச் சின்ன வெள்ளையிலயும் பாதி. இருங்க, ஒடிச்சுத் தர்றேன்.

இந்தாங்க. டாக்டரம்மா வந்து கேட்டா, எந்த டாக்டர்கிட்டயும் போகலன்னு சொல்லுங்க, அது உண்மைதான. தண்ணி என் பாட்டில்லயே இருக்கு, காய்ச்சி ஆற வச்சது. பயப்படாதீங்க, ஒரு வேளைக்குத்தான். புள்ளைய வாயைத் திறக்கச் சொல்லுங்க.